மேடேறும்போது தட்டும் சத்தம்

நர்சம்மாவின் கார் அந்த மழைக்காலத்தில் இரண்டு முறை மலைப்பாதையில் நின்றுபோனது. முதல் தடவை யாரோ தள்ளிவிட்டார்கள். இரண்டாம் தடவை தள்ள ஆள் இல்லை. கார் பின்னோக்கி நகரத் தொடங்கவும், கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாத மூடுபனிக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் புதன்கிழமை தவறாமல் மேலே போய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் நான்கைந்து பேருக்குப் புண் கழுவிக் கட்டுப்போட்டு வருகிறவர் அவர். காருக்கு அவர் வயதில் பாதிக்கு மேல் இருக்கும். வெண்ணெய் நிறம், வட்ட விளக்குகள். கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்தியதுபோல் கேட்கும்.

“காதுக்காரரே, இனிமே இது மலையில நிக்கக் கூடாது. நின்னா நான் உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்” என்றார், சாவியை நீட்டியபடி.

மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். “மூணாவது வால்வு” என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையில் பாதி அவருடையது, மீதிப் பாதி அவர் மனைவியுடையது. அவள் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள். ஒருபக்கம் கிரீஸ் வாசம், மறுபக்கம் புது ரெக்சின் வாசம். நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் ஒரு கெட்டில்.

இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பழைய பாயிண்டை மாற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம் என்று யோசனை சொன்னவன் அவளுடைய தம்பி. ரேடியோ, டிவி ரிப்பேர் பார்ப்பவன். அவனே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு வந்தான்.

“மாமா, இந்த ரெண்டு இரும்பும் தொட்டுத் தொட்டுப் பிரிஞ்சாத்தானே பொறி வருது? ஈரம் பட்டா சண்டி பண்ணுது, நாளாக நாளாகத் தேயுது. இனிமே அந்த வேலையே கிடையாது. காந்தம் சுத்தும், பெட்டி கணக்கா பொறியைக் குடுக்கும். நனையாது, தேயாது.”

“பேசாம வேலை செய்யும்னு சொல்லு.”

“உங்க வயசுக்கு அதுதானே மாமா நல்லது.”

அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தம்பி சொன்ன கடைசி வரி அவருக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான்.

முதல் முடுக்கிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. தம்பி கையைத் தட்டினான். காதுக்காரர் மட்டும் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்தபடி குனிந்து நின்றார். வழக்கமாக அங்கே கேட்கும் ஒரு மெல்லிய டிக் டிக் இப்போது இல்லை. இன்ஜின் எங்கோ அடுத்த அறையில் ஓடுவதுபோல் இருந்தது.

“என்ன மாப்ள, இது ஊமையாட்டம் ஓடுது?”

“டைமிங், பொறி விழுற நேரம், இனிமேதான் மாமா வைக்கணும். பாயிண்டுக்கு வச்ச இடம் இதுக்கு ஒத்துவராது. ஸ்பார்க் பிளக் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டணும், கார்புரேட்டரையும் திரும்பப் பாக்கணும். டைமிங் லைட் எங்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வரவா?”

“எனக்கு எதுக்குடா லைட்டு? இருபத்தாறு வருஷமா லைட்டு வச்சா பாத்தேன்?”

பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பைத் தளர்த்தி, இரண்டு கையாலும் அதை மெல்லத் திருப்பினார். இன்ஜின் வேகம் கூடியது. உள்ளங்கைக்கு அது பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். ‘இது போதும்’ என்று போல்ட்டை முறுக்கினார்.

வெள்ளிக்கிழமை நர்சம்மா வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

“ஸ்டார்ட் ஆகுறதெல்லாம் அருமை. ஆனா ஏத்தத்துல ஒரு சத்தம் வருதுப்பா. தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாப்ல.”

அவரோடு காதுக்காரரும் போனார். முதல் மேட்டில் ஏறும்போது நர்சம்மா விரலை உயர்த்தினார். “இதோ! இப்ப! கேக்குதா?”

“இல்லையே.”

“இதோப்பா, இப்பக்கூட!”

“பழைய பாடிம்மா. எங்கயாவது தகரம் ஆடும்.”

திரும்பி வந்து காருக்கு அடியில் படுத்து, ஆடக்கூடிய எல்லாத் தகரத்தையும் முறுக்கினார். சைலன்சர் பிடியை மாற்றினார். நர்சம்மா காரை விட்டுவிட்டுப் போனார். புதன்கிழமைக்குள் வேண்டும் என்றார். மேலே ஒருவருக்கு முதுகில் புண். ஒரு வாரத்துக்கு மேல் கட்டு மாற்றாமல் விட முடியாது. வேறு யாரும் அந்த வீட்டுக்குப் போவதில்லை.

அன்று சாயங்காலம் தம்பி காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

“நல்லா தட்டுது மாமா. பொறி முன்கூட்டியே விழுது. இப்படியே சுமையோட மலை ஏறினா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். நடு மலையில, அந்தம்மா தனியா.”

“தட்டலை.”

“மாமா, எனக்குக் கேக்குது.”

“உனக்குக் கேக்கும்டா. ரேடியோவுல கொர கொரன்னு கேட்டுக் கேட்டுப் பழகின காது. வண்டியில உயிர் இல்ல. இழுவையே இல்லாமப் போச்சு. எல்லாம் உன் பெட்டி பண்ற வேலை. நாளைக்கே கழட்டி எறிஞ்சுட்டுப் பாயிண்டை மாட்டறேன்.”

“மாட்டுங்க. திரும்ப நனையும், திரும்ப நிக்கும்.” தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடியே போய்விட்டான். அக்கா கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“ஏங்க, அவன்கிட்ட அப்படிப் பேசணுமா?” என்றாள் அவள், அவர் முதுகைப் பார்த்து.

பதில் இல்லை.

இந்தப் பதில் இல்லாமை அந்த வீட்டுக்குள் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியாது. முதலில் சின்னச் சின்னதாக. ‘சாப்பிட வாங்க’ என்றால் வரமாட்டார். ‘மழை வருது, துணியை எடுங்க’ என்றால் மழையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, எங்கோ தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பவர்போல் இருப்பார். என் குரல் புளித்துப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று அவள் முடிவுகட்டினாள். இருபத்தாறு வருடம் ஒரே குரலைக் கேட்டால் யாருக்குத்தான் புளிக்காது என்று அவரையே நியாயப்படுத்தவும் பழகிக்கொண்டாள். பேச்சைக் குறைத்தாள். தைக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டாள். அவளுடைய மெஷின் பேசியது, கூரையில் மழை பேசியது. வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. அதனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அவர் இன்ஜினை முடுக்கிவிட்டு முடுக்கிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முடுக்கின் தொடக்கத்திலும் அந்தக் கூழாங்கல் சத்தம் அவளுக்குக் கேட்டது. தைத்துக்கொண்டிருந்தவளின் பல் கூசியது. அவரோ குனிந்து, தலையைச் சாய்த்து, மறுபடியும் மறுபடியும் அதே இடத்தில் தேடினார். அறைக்குள் தொலைத்த எதையோ இருட்டில் தடவுகிறவர்போல் இருந்தார். கெட்டில் கொதித்து விசிலடித்தது. அவருக்கு ஓரடி தூரத்தில் அடுப்பு. விசில் உச்சத்துக்குப் போய், நீராவி அவர் கையில் படுகிற வரைக்கும் அவர் திரும்பவில்லை. கையில் பட்டதும் துள்ளி விலகினார். பிறகு சட்டென்று அவளைப் பார்த்தார். அவள் பார்க்கிறாளா என்று பார்த்த பார்வை அது.

அவள் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காரை மலைக்கு எடுத்துப் போகக் கிளம்பியபோது, “நானும் வரேன்” என்றாள், அவர் முகத்துக்கு நேரே நின்று.

“நீ எதுக்கு?”

“பின் சீட்டு ஸ்பிரிங் எப்படி இருக்குன்னு ஓடும்போதுதான் தெரியும்.”

ஓட்டுபவருக்குப் பக்கத்து முன் சீட்டு அவளுடைய பெஞ்சில் உரித்த நிலையில் கிடந்தது. ஆகவே அவள் பின்னால், அவருக்கு நேர் பின்புறம் உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டியதும் மழை விட்டு, சாலையிலிருந்து ஆவி எழுந்தது. மேலே போகப் போகப் பனி இறங்கி வந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் தோன்றி, பக்கத்தில் ஈரமாக நின்று, பின்னால் கரைந்தன. சாலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கார் நகர்கிறதா, மரங்கள்தான் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுப் போகின்றனவா என்று அவளுக்கு ஒரு மயக்கம் வந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது இப்படித்தான் அறை மிதந்தது. கண்ணை மூடித் திறந்தாள். ஏற்றம் வந்தது. இன்ஜின் திணறி இழுத்தது. டப்பாவில் கூழாங்கல் குலுங்கியது.

“தட்டுதுங்க” என்றாள், சாதாரணக் குரலில்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வண்டிய நிறுத்துங்க.”

வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

அவள் முன்னால் சாய்ந்தாள். அவருடைய பிடரியை, காதோரம் நரைத்த முடியை, காதில் ஒட்டியிருந்த கிரீஸ் துளியைப் பார்த்தாள். பிறகு அதே குரலில், உறையில் எத்தனை தையல் என்று சொல்வதுபோல் சொன்னாள்:

“நான் நாளைக்கு வீட்டை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன்.”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “ஆமா” என்றார், “திரும்பவும் பிடிச்சுக்கும்போலதான் இருக்கு.”

மழையைப் பற்றிச் சொல்கிறார். அவள் ஏதோ மழையைப் பற்றிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தோளில் கையை வைத்ததும் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தார். கார் ஓரமாக நின்றது. இன்ஜினை அணைத்தார்.

“என்ன? என்ன ஆச்சு?”

அவள் இறங்கி முன்னால் வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அவர் பார்க்கும்படி நின்றாள்.

“எவ்வளவு நாளா கேக்கல?”

அவர் பதில் சொல்லவில்லை. இந்த முறை அவருக்குக் கேட்டிருந்தது.

“கேக்குது” என்றார் கடைசியாக. “இப்ப நீ சொன்னது கேட்டுச்சே. நேரா நின்னு சொன்னா கேக்கும். கனமான சத்தம் கேக்கும். லாரி, இடி, இன்ஜின் முனகல், எல்லாம். மெல்லிசா இருக்கிறதுதான்...” கையை விரித்தார். “மெல்லிசா இருக்கிறதெல்லாம் ஒண்ணொண்ணா போயிடுச்சு. பாயிண்டு சத்தம் கொஞ்சம் இருந்துச்சு. இந்தப் பெட்டி வந்ததும் அதுவும் இல்ல. அவன்மேல பழியைப் போட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஊரே காதுக்காரர்ங்குது. காது போச்சுன்னு எந்த வாயால சொல்றது?”

“ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு? ரெண்டு வருஷமா நான் கூப்பிடக் கூப்பிட நீங்க திரும்பலைன்னா நான் என்னன்னு நினைப்பேன்? என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். என் குரலே வேண்டாமப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் பேச்சையே நிறுத்திட்டேன். தெரியுமா உங்களுக்கு?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். பனி கதவு வழியாக உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

“நீ பேச்சை நிறுத்திட்டியா?” என்றார். “எனக்கு முழுசாவே கேக்காமப் போயிடுச்சாக்கும்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். வெகு நேரம் அழுதாள். அழுது முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. காதுதானே, வெறும் காதுதானே என்று உள்ளுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அதில் கிரீஸ் இருந்தது. அவள் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கன்னத்துல கறுப்பு” என்றார்.

“இருக்கட்டும்.”

திங்கட்கிழமை காலையில் அவரே மச்சான் கடைக்கு நடந்துபோனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஆனால் தம்பி டைமிங் லைட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமாவோடு வந்தான். வழியெல்லாம் வாயை அகலமாகத் திறந்து கத்திக் கத்திப் பேசினான்.

“டேய், நான் அவ்வளவு செவிடு இல்லடா.”

“தெரியாமப் போச்சு மாமா. உங்களைத் திட்டினதெல்லாம் கேட்டிருக்கும்னு நினைச்சேன். எல்லாம் வீணாப் போச்சா?”

வானம் மூடிக்கிடந்ததால் கொட்டகைக்குள் சாயங்காலம்போல் மங்கலாக இருந்தது. இன்ஜினின் முன்பக்கம் சுழலும் இரும்புச் சக்கரத்தில் இருந்த சின்ன வெட்டில் அவர் சாக்பீஸால் கோடு போட்டார். அளவைக் குழப்பாமல் இருக்க வேக்குவம் குழாயைப் பிடுங்கி அடைத்தார். முதல் பிளக் வயரில் லைட்டின் கொக்கியை மாட்டினான் தம்பி. இன்ஜின் ஓடியது. பொறி விழும்போதெல்லாம் விளக்கு சிமிட்டியது.

அந்தச் சிமிட்டலில், சுழன்றுகொண்டிருந்த சக்கரம் கண்ணுக்கு நின்றுவிட்டது. நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றுகிற இரும்பு, மங்கலில், அசையாமல் நின்றது. வெள்ளைக் கோடு கல்லில் எழுதியதுபோல் தெளிவாக இருந்தது. இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.

காதுக்காரர் மண்டியிட்டார். இப்படி ஒரு விளக்கு உண்டு என்று அவருக்கு எப்போதும் தெரியும். கண்ணால் பார்ப்பவன் கெட்டிக்காரன் இல்லை என்று ஒரு வீம்பில் விட்டிருந்தார். இப்போது முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினார். கோடு நகர்ந்தது. சத்தமே இல்லாமல், அவர் சொன்ன பக்கம் நகர்ந்தது.

“இம்புட்டுத் தள்ளியா வச்சிருந்தேன்?” என்றார்.

“ஆமா மாமா.”

“அந்தம்மா பாட்டுக்கு ஏறியிருந்தா?”

தம்பி விளக்கைச் சரியாகப் பிடித்தான்.

காரின் கையேட்டுப் புத்தகத்தில் போட்டிருந்த இடத்தில் வெள்ளைக் கோட்டை நிறுத்தினார்கள். கார்புரேட்டர் திருகை அவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜினில் உள்ளங்கையை வைத்தபடி திருகினார். அதிர்வு ஒரே சீராக வந்ததும் கையை எடுத்தார். அதற்குக் காது தேவைப்படவில்லை.

“ஆனா பழைய இன்ஜின்” என்றார். “புத்தகம் புது இன்ஜினுக்கு எழுதினது. மேட்டுலதான் கடைசி முடிவு.” அவளைப் பார்த்தார். “வரியா?”

செவ்வாய்க்கிழமை அவள் மறுபடியும் பின் சீட்டில் உட்கார்ந்தாள். வலது கையை அவர் தோளில் வைத்துக்கொண்டாள்.

“தட்டினா அமுக்கறேன்.”

“மெதுவா தட்டினா மெதுவா அமுக்கு. பலமா தட்டினா பலமா.”

முதல் மேட்டில், டாப் கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தார். பாதி மேட்டில் அவள் விரல்கள் லேசாக அமுங்கின. கார் நின்றது. அவர் இறங்கி, ஸ்பானரால் தளர்த்தி, இழையளவு திருப்பி, முறுக்கினார். இறங்கி வந்து மறுபடியும் ஏறினார்கள். மேட்டின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விரல். மறுபடியும் நிறுத்தினார். இன்னும் ஒரு இழை. பனிக்குள் அவர்கள் ஒரே மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த ஒரு பால்காரர் இரண்டு தடவை அவர்கள் மேலே போவதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை சைக்கிளை நிறுத்தி, “வழி தெரியலையா?” என்று கேட்டார்.

“என்னவாம்?” என்றார் இவர்.

“வழி தெரியலையான்னு கேக்கறார்.”

“இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு.”

ஐந்தாவது ஏற்றத்தில் அவள் கை அசையவில்லை. அவர் முழு ஏற்றமும் அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டு ஓட்டினார். அவருக்குக் கேட்டதெல்லாம் அடியில் ஒரு தாழ்ந்த முனகல். மரங்கள் வந்தன, போயின. வளைவு முடிந்தது. உச்சி வந்தது. கை அப்படியே கிடந்தது.

“தூங்கிட்டியா?” என்றார்.

“முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் கேக்கல.”

“ஒண்ணுமே?”

“நீங்க மூச்சு விடறதுதான் கேக்குது.”

புதன்கிழமை காலையில் நர்சம்மா கட்டுத்துணிப் பெட்டியோடு வந்தார். முன் சீட்டுக்குப் புது உறை போட்டு மாட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “சத்தம் போச்சா?” என்று கேட்டார்.

காதுக்காரர் துண்டால் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். காது விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவளே நேற்று சொல்லியிருந்தாள்.

“போச்சும்மா. ஆனா நான் கேட்டுச் சொல்லல. எனக்குக் காது சரியா கேக்கிறதில்ல. அன்னிக்கு நீங்க சொன்னது நிஜம், தட்டிச்சு. நான்தான் தப்பு. இது இவ கேட்டு வச்ச டைமிங்.”

நர்சம்மா கட்டுத்துணிப் பெட்டியைக் காரின் மேல் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார்.

“உக்காருப்பா.”

“இல்லம்மா, அது...”

“உக்காருங்கறேன்ல.”

அவரை மட்கார்டின் மேல் உட்கார வைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, ஒரு காதுக்குள்ளும் மறு காதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அழுக்கு அடைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மூன்று பேருமே நினைத்தார்கள்.

“சுத்தமா இருக்கு” என்றார் நர்சம்மா, டார்ச்சை அணைத்து. “இது நரம்பு. இன்ஜின் பக்கத்துலயே காதை வச்சுக்கிட்டிருந்தா வேற என்ன ஆகும்? போனது வராது. இருக்கிறதுக்கு மெஷின் வைக்கலாம். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க, தெரிஞ்ச டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“ரெண்டு பேருமா?” என்றாள் அவள்.

“டாக்டர் சொல்றதை இவருக்கு யாரு சொல்றது?”

கார் முதல் முடுக்கிலேயே பிடித்துக்கொண்டது. நர்சம்மா கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். இருவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். தெரு முனையில் திரும்பினால் அங்கேயே மலைப்பாதையின் முதல் மேடு தொடங்கிவிடும். வெண்ணெய் நிறம் பனிக்குள் போய் மறைந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“தட்டுதா?”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இல்ல. சீரா ஏறுது.”

“இப்ப?”

“வளைவுகிட்ட கியர் மாத்தறாங்க. மாத்திட்டாங்க.”

“ம்.”

“இன்னும் கேக்குது. மெல்லிசா. இன்னும்...” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார். “போயிடுச்சு” என்றாள்.

“எனக்கு நம்ம வாசல் தாண்டினதுமே போயிடுச்சு” என்றார் அவர். அவள் கண்ணைத் திறந்து பார்க்கும்போது, அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.